நாரி நோவும் நமது குரலும்

அதிகாலையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் சற்று நேரம் நின்று பாருங்கள். நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் வரும் படகுகளிலிருந்து பெண்கள் இறங்குவார்கள். ஒருவரின் தலையில் கடகம் இருக்கும். இன்னொருவரின் இடுப்பில் குழந்தை இருக்கும். படகின் விளிம்பிலிருந்து துறைக்குக் கால் எடுத்து வைக்கும்போது அவர்களில் பலருடைய ஒரு கை தானாகவே நாரிக்குப் போகும். என்னவென்று கேட்டால், "அது கனகாலமாய் இருக்குது பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க நடப்பார்கள்.

அந்தக் கனகாலத்துக்குள் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. 1990 இலும் 1991 இலும் தீவுகளை விட்டு ஓடிய நாட்களில் பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிய பாரம் இருக்கிறது. கணவரை இழந்த பிறகு ஆண் செய்த வேலையையும் சேர்த்துச் செய்த பாரம் இருக்கிறது. நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு நடந்த தூரமும், குனிந்திருந்து ஓலை வார்ந்த மணித்தியாலங்களும், வலையிலிருந்து நண்டு கழற்றிய இரவுகளும் இருக்கின்றன. இத்தனையையும் சுமந்த முதுகு நோகாமல் என்ன செய்யும்?

இந்த நோ நமக்கு மட்டும் உரியது அல்ல. 2020 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61 கோடி 90 இலட்சம் பேருக்கு நாரி நோ இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலகில் மனிதரை இயங்கவிடாமல் முடக்கும் காரணங்களில் இதுவே முதலாவது. ஆண்களை விடப் பெண்களுக்கே இது அதிகம். இருந்தும் வைத்தியரிடம் போனால் பிள்ளையின் காய்ச்சலைச் சொல்கிறோம், மாமியாரின் பிரஷரைச் சொல்கிறோம். நமது நாரியைப் பற்றிச் சொல்வதில்லை. சொல்லாத நோவுக்கு எந்த அரசாங்கமும் மருந்து அனுப்பாது.

இந்த இதழில் ஒரு தொழிற்சங்கத்தின் கதையைச் சொல்லப்போகிறோம். அது நமது ஊர்க் கதை அல்ல. ஆனாலும் நமது மாதர் சங்கங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை பல உண்டு.

சிறைக்குப் போன கைவைத்தியர்கள்

கைரோபிராக்டிக் என்ற பெயரைத் தீவுப்பகுதியில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் சிகிச்சை அது. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் உறவினர்கள் நாரி நோவுக்கு அங்கு போவதாகச் சொல்லியிருக்கலாம்.

1895 ஆம் ஆண்டு செப்டெம்பரில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டவன்போர்ட் நகரில், டி. டி. பாமர் என்பவர் இதைத் தொடங்கினார். அவர் வைத்தியக் கல்லூரியில் படித்தவர் அல்ல. மருத்துவ அனுமதிப்பத்திரம் இல்லாமல் சிகிச்சை செய்தார் என்று 1906 இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். அவருக்குப் பின் வந்தவர்களிலும் நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர்.

தனித்தனியாக நின்றால் ஒவ்வொருவராகப் பிடிபடுவோம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அதே 1906 இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். வழக்கு வந்த உறுப்பினருக்காக வழக்கறிஞரை வைத்து வாதாடுவது அச்சங்கத்தின் முக்கிய வேலையாக இருந்தது. 1907 இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் மொரிக்குபோ என்ற யப்பானியரின் வழக்கில் வெற்றி கிடைத்தது. இது வேறொரு தொழில், வைத்தியத்தைத் திருடிச் செய்தது அல்ல என்பதே அங்கே வைக்கப்பட்ட வாதம்.

அடுத்ததாக அவர்கள் சட்டசபைகளின் கதவைத் தட்டினார்கள். தங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வேண்டும் என்று தாங்களே கேட்டார்கள். 1913 இல் கன்சாஸ் மாநிலம் முதலாவது சட்டத்தை இயற்றியது. கலிபோர்னியாவில் சிறைக்குப் போனாலும் பரவாயில்லை, தொழிலை விடமாட்டோம் என்று நின்றார்கள். 1922 இல் அங்கு மக்களின் நேரடி வாக்கெடுப்பிலேயே சட்டம் நிறைவேறியது. கடைசி மாநிலமான லூசியானா 1974 இல்தான் இணங்கியது. முதலாவது சட்டத்திலிருந்து கடைசிச் சட்டம் வரை 61 வருடங்கள்! ஒரு மனுவுக்குப் பதில் வரவில்லை என்று நாம் மனம் சோர்ந்துவிடும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையில் அமெரிக்க மருத்துவச் சங்கம் இவர்களை ஒழித்துவிட வேண்டும் என்று 1963 இல் ஒரு குழுவையே அமைத்தது. இவர்களோடு சேர்ந்து வேலை செய்வது ஒழுக்கக்கேடு என்று வைத்தியர்களுக்குச் சொல்லப்பட்டது. 1976 இல் செஸ்டர் வில்க் என்பவரும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். முதல் விசாரணையில் தோற்றார்கள். மீண்டும் விசாரணை நடந்து, 1987 இல் சூசன் கெற்சென்டானர் என்ற பெண் நீதிபதி, மருத்துவச் சங்கம் செய்த புறக்கணிப்புச் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தார். அந்தச் சிகிச்சை சரியா பிழையா என்று தாம் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதையும் அவர் தெளிவாக எழுதினார். ஒருவருக்குப் பேசும் உரிமை கிடைப்பது வேறு, அவர் பேசுவதெல்லாம் உண்மையாவது வேறு என்பதை இத்தீர்ப்பு நன்றாகக் காட்டுகிறது.

சங்கம் சறுக்கிய இடம்

இங்கிலாந்தில் 1994 இல் இந்தத் தொழிலுக்கெனச் சட்டம் வந்தது. பதிவு செய்தவர்கள் மட்டுமே அந்தப் பெயரைப் பாவிக்கலாம் என்றாயிற்று. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் அங்குள்ள சங்கம் ஒரு பெரிய பிழை செய்தது.

குழந்தைகளின் ஆஸ்துமா, வயிற்றுக் குத்து போன்றவற்றுக்கும் இந்தச் சிகிச்சை உதவும் என்று சொல்லப்பட்டு வந்தது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் 2008 இல் பத்திரிகையில் எழுதினார். ஆதாரத்தைக் காட்டிப் பதில் எழுதுவதற்குப் பதிலாக, பிரித்தானிய கைரோபிராக்டிக் சங்கம் அவர் மேல் மானநட்ட வழக்குப் போட்டது. மக்கள் எழுத்தாளர் பக்கம் நின்றார்கள். இந்தத் தொழிலில் உள்ளவர்களின் விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் படித்து முறைப்பாடுகளை அனுப்பிக் குவித்தார்கள். 2010 ஏப்ரலில் சங்கம் வழக்கைக் கைவிட்டது. மானநட்டச் சட்டத்தையே மாற்ற வேண்டும் என்ற இயக்கம் அதனால் வலுப்பெற்று, 2013 இல் புதிய சட்டமும் வந்தது.

பல வருடங்கள் பாடுபட்டுத் தேடிய நம்பிக்கை, மிகைப்படுத்திய சில வார்த்தைகளால் ஆட்டம் கண்டது. நமது சங்கங்களுக்கும் இது பொருந்தும். ஒரு கோரிக்கையில் 40 பேர் பாதிக்கப்பட்டிருந்தால் 40 என்றே எழுதுவோம். 400 என்று எழுதினால், அதிகாரி ஒருநாள் எண்ணிப் பார்க்கும்போது அந்த 40 பேரும் பொய்யராகி விடுவார்கள்.

நமது நாட்டில் நடந்தது

இலங்கையிலும் வைத்தியர்கள் சேர்ந்து நின்று சட்டம் பெற்ற கதை உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் நாட்டு வைத்தியம் ஒதுக்கப்பட்டிருந்தது. தொடர்ந்து குரல் கொடுத்ததன் பயனாக 1929 இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. 1956 தேர்தலில் பிக்குகள், ஆசிரியர்கள், விவசாயிகள், தொழிலாளர்களோடு நாட்டு வைத்தியர்களும் ஒரு பெரும் சக்தியாக நின்று பண்டாரநாயக்காவை ஆட்சியில் ஏற்றினார்கள். அந்த ஆட்சி கொண்டுவந்த தனிச் சிங்களச் சட்டம் நமக்குச் செய்த காயத்தை இங்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்றுபட்டு நின்ற வைத்தியர்கள் தமக்கு வேண்டியதைப் பெற்றார்கள். 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் சித்த வைத்தியத்துக்கும் இடம் கொடுத்தது. 1984 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவப் படிப்புத் தொடங்கியது. நமது பரியாரிமாரும் முறிவு நெரிவு வைத்தியர்களும் இன்று பதிவு பெற்றுத் தொழில் செய்வது இந்தச் சட்டத்தின் கீழ்தான். வைத்தியசாலைகளில் உள்ள இயன்மருத்துவர்கள் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவர்கள்.

ஆகவே நாரியில் கை வைக்க ஒருவர் வந்தால், "நீங்கள் எங்கு பதிவு பெற்றிருக்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது நமது உரிமை. சிகிச்சையின்போது கூட ஒரு பெண் துணை இருக்க வேண்டும் என்று கேட்பதும் உரிமையே.

கை வைக்க முன் சொல்ல வேண்டியவை

நீண்டநாள் நாரி நோ பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசெம்பரில் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நோவைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மனத்துக்கான உதவி ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. கையால் செய்யும் முள்ளந்தண்டுச் சிகிச்சையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அதற்கான ஆதாரம் அவ்வளவு உறுதியானது அல்ல. நாரிப்பட்டி கட்டுவதையும், நாரியை இழுத்துக் கட்டும் சிகிச்சையையும் வழமையாகச் செய்ய வேண்டாம் என்கிறது. நோ என்று படுத்தே கிடப்பதை விட, முடிந்த அளவு நடமாடுவதே நல்லது.

யுத்தத்தைக் கடந்து வந்த சகோதரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருந்தால், யாரும் முதுகிலோ கழுத்திலோ கை வைக்க முன்பு அதைச் சொல்லிவிடுங்கள். ஸ்கான் எடுக்கப் போகும்போதும் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம் கொண்டது. உடம்பில் உள்ள இரும்பை அது அசைத்துவிடக்கூடும். கழுத்தைச் சடாரென்று திருப்பும் சிகிச்சையால், அரிதாகவே என்றாலும், இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வந்தது உண்டு. வயதான, எலும்பு தேய்ந்த அம்மாமாருக்கு அழுத்தமான கைவைத்தியம் எலும்பை முறித்துவிடலாம்.

நாரி நோவோடு கால் பலம் குறைதல், தொடைகளுக்கு இடையில் விறைப்பு, சலம் அல்லது மலம் கட்டுப்பாடில்லாமல் போதல் அல்லது சலம் அடைத்தல் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடுத்த படகு எப்போது என்று பார்த்திருக்கக் கூடாது. உள்ளூர் வைத்தியசாலையில் சொல்லி அவசரமாக அனுப்பும்படி கேளுங்கள். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, இரவில் நித்திரையைக் குழப்பும் நோ, விழுந்த பின் வந்த நோ ஆகியவற்றையும் தள்ளிப்போட வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்குங்கள். யார் யாருக்கு நோ, எத்தனை வருடமாக, எந்த வேலை செய்ய முடியவில்லை, சிகிச்சைக்குப் போய்வர எவ்வளவு செலவு, எத்தனை நாள் கூலி போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெயர் சொல்ல விரும்பாதவர்களின் பெயரை எழுத வேண்டாம். அந்தக் கொப்பிதான் உங்கள் முதல் ஆயுதம்.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமான இது 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பகுதி வைத்தியசாலைக்கு எத்தனை இயன்மருத்துவர் பதவிகள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன, எத்தனை நிரப்பப்பட்டுள்ளன, எந்த நாட்களில் கிளினிக் நடக்கிறது என்று தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர்கள் வாயால் சொல்லியும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம்.

கொப்பியும் பதிலும் கையில் இருக்கும்போது கோரிக்கை எழுதுவது இலகு. "வசதி செய்து தாருங்கள்" என்று பொதுவாக எழுதாமல், "மாதத்தில் இரண்டு நாள் இயன்மருத்துவர் ஒருவர் படகில் வந்து கிளினிக் நடத்த வேண்டும்" என்பது போல் ஒன்றைக் குறித்துக் கேளுங்கள். ஒரு பிரதியைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும், ஒன்றைப் பிரதேச செயலாளருக்கும், ஒன்றைப் பிரதேச சபைக்கும் அனுப்புங்கள். நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பெண் உறுப்பினர்களைத் தேடிப் போங்கள். அவர்களுக்கும் நாரி நோகும்.

ஒக்டோபர் 16 உலக முள்ளந்தண்டு நாள். செப்டெம்பர் 8 உலக இயன்மருத்துவ நாள். இவற்றில் ஒரு நாளில் வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ இயன்மருத்துவர் ஒருவரை அழைத்து, தண்ணீர்க் குடத்தை எப்படித் தூக்குவது, ஓலை பின்ன எப்படி இருப்பது, எந்தப் பயிற்சியை வீட்டில் செய்வது என்று காட்டச் சொல்லுங்கள். பெரிய செலவு இல்லை. ஒரு பாயும் தேநீரும் போதும்.

நெடுந்தீவின் வேலிகளைப் பார்த்திருப்பீர்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. முருகைக்கல்லின் மேல் முருகைக்கல்லாக அடுக்கியவை. ஒரு கல்லை உதைத்தால் உருண்டுவிடும். ஒன்றோடொன்று சேர்ந்து இருப்பதால் எத்தனையோ புயலைக் கண்டும் நிற்கின்றன. நமது முதுகுகள் இவ்வளவு காலமும் குடும்பங்களைத் தனித்தனியே சுமந்துவிட்டன. இனி அந்த முதுகுகளுக்காக நாம் சேர்ந்து பேசுவோம். கொப்பியின் முதல் பக்கத்தில் உங்கள் நோவை நீங்களே எழுதித் தொடங்குங்கள்.