இன்ச் டேப்பும் டிரவுட் மீனும்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் இட்சன் என்றொரு ஆறு. சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து ஊறி வரும் தண்ணீர், கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். அதில் முழங்கால் ஆழத்தில் ஒருவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கைவலைக்குள், தண்ணீரிலேயே கிடக்கிறது மீன். பழுப்பு முதுகு, விலாவில் கருப்புப் புள்ளிகள், நடுநடுவே வெளிர்வட்டம் கட்டிய சிவப்புப் பொட்டுகள். பிரவுன் டிரவுட். செவுள் மூடி படபடவென்று திறந்து மூடுகிறது. 'ரெண்டு கிலோ தேறும்' என்கிறது மனசு. உண்மையில் எவ்வளவு? கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் இல்லை.

அவர் மீனைப் பிடித்த விதமே தனி. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக் குண்டும் இரையும் கனமாக இருப்பதால், வீசியதும் அவை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே இரை என்பது முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி. எடையே கிடையாது. அதனால் கனத்தைக் கயிற்றுக்கே கொடுத்துவிட்டார்கள். ஐந்தாம் எண் கயிறு என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம். கம்பை முன்னும் பின்னும் வீச, கயிறு காற்றில் வளைந்து விரிந்து, ஈசல் இறங்குவதுபோலப் பூச்சியைத் தண்ணீர்மேல் இறக்கும்.

கண்மதிப்பு ஏன் ஏமாற்றுகிறது? முதல் காரணம் தண்ணீர். கிணற்றின் அடிப்படி எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தெரிவது நமக்குப் பழக்கம்தான். ஒளி விலகுவதால், மேலிருந்து நேராகப் பார்க்கும்போது ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பது ஏறக்குறைய முக்கால் மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். பக்கத்தில் தெரிவது பெரிதாகத் தெரிகிறது. புகைப்படமும் இப்படித்தான்: கையை நீட்டி மீனை கேமராவுக்கு 60 சென்டிமீட்டர் தூரத்தில் காட்டி, உடம்பை 120 சென்டிமீட்டரில் வைத்துக்கொண்டால், உடம்போடு ஒப்பிட மீன் இரண்டு மடங்காகிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் எடையின் கணக்கில் இருக்கிறது. நீளம் இரட்டித்தால் அகலமும் பருமனும் கூடவே இரட்டிக்கும். எடை எட்டு மடங்காகும். 25 சென்டிமீட்டர் டிரவுட் ஏறத்தாழ 156 கிராம் என்றால், அதே வாகில் 50 சென்டிமீட்டர் மீன் 1,250 கிராம். கண்ணுக்கு நீளம் பிடிபடுகிறது, கன அளவு பிடிபடுவதில்லை.

அப்படியானால் தராசில் மாட்டிவிடலாமே? அங்கேதான் விநாடிகள் குறுக்கே வருகின்றன. கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் 1992-ல் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. ரெயின்போ டிரவுட் மீன்களைக் களைத்துப்போகும்வரை விரட்டி, பிறகு சிலவற்றைக் காற்றில் வைத்தார்கள். காற்றே படாமல் தண்ணீருக்குத் திரும்பியவற்றில் 88 சதவீதம் பிழைத்தன. 30 விநாடி காற்றில் இருந்தவற்றில் 62 சதவீதம். ஒரு நிமிடம் இருந்தவற்றில் 28 சதவீதம் மட்டுமே. தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் செவுளின் மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஓடிக் களைத்து மூச்சுக்குத் தவிக்கும் நேரத்தில் மூச்சே அடைபடுகிறது. திரும்ப விடுவதாகச் சொல்லிப் பிடித்த மீனை தராசிலும் படத்திலும் ஒரு நிமிடம் தொங்கவிடுவது, அதைக் கொல்வதற்கு மிக அருகில் போவது.

ஆகவே இன்ச் டேப். மேலைநாட்டு மீன்பிடிப்பாளர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு: பெருத்த இடத்தின் சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் எடை. இது அங்குலமும் பவுண்டும் கொண்ட கணக்கு. சென்டிமீட்டரும் கிராமும் என்றால் 29-ஆல் வகுக்க வேண்டும். இந்த 800 எங்கிருந்து வந்தது? மீனை, அதன் பெருத்த இடத்துச் சுற்றளவே தலையிலிருந்து வால்வரை ஓடும் ஓர் உருளைக் குழாய் என்று எண்ணுங்கள். மீனின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீரின் அடர்த்திதான். குழாய் முழுக்க மீன் என்றால் வகுக்கும் எண் 348 ஆக இருக்கும். 800 என்று வைத்தால், குழாயில் 43 சதவீதம்தான் மீன் என்று பொருள். மீதி, மூக்கும் வாலும் கூம்பி, விலா தட்டையாகி விட்ட இடம்.

நம் இட்சன் மீனை அளப்போம். நீளம் 48, சுற்றளவு 26 சென்டிமீட்டர். கணக்கு 1,119 கிராம் என்கிறது. டேப் கொஞ்சம் நழுவிச் சுற்றளவை 27 என்று படித்தால் 88 கிராம் கூடிவிடும். நீளத்தில் அதே ஒரு சென்டிமீட்டர் தவறினால் வித்தியாசம் 23 கிராம்தான். அதோடு, துள்ளும் மீனின் வயிற்றைச் சுற்றி டேப் போடுவது கை நடுக்கும் வேலை. கை உலர்ந்திருந்தால் மீனின் வழவழப்பான மேற்பூச்சும் போய்விடும்; நோய்க்கிருமிகளுக்கு எதிரான அதன் முதல் காவல் அதுதான்.

எனக்குப் பிடித்தது இன்னும் எளிய வழி. நீளத்தை மட்டும் சென்டிமீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் இருமுறை பெருக்கி, 100-ஆல் வகுப்பது. நல்ல வாகான டிரவுட்டுக்கு அதுவே ஏறக்குறைய கிராம் எடை. ஸ்காட்லாந்து மீன்வள அறிஞர் ஃபுல்டன் பெயரால் வழங்கும் உடல்நிலைக் குறியீட்டைத் திருப்பிப் போட்ட கணக்கு இது. குறியீடு 1 என்றால் வாகான மீன். முட்டையிட்டு மெலிந்தது 0.8-க்கு இறங்கலாம். நியூசிலாந்தின் ஒஹாவ் கால்வாயில் 2020-ல் பிடிபட்ட 20.1 கிலோ பிரவுன் டிரவுட் போன்ற பூதங்களுக்கு இந்தக் கணக்கு போதாது. அங்கே சால்மன் பண்ணைகளிலிருந்து சிதறும் தீவனத்தைத் தின்று மீன்கள் உருண்டு திரண்டுவிடுகின்றன.  

சர்வதேச மீன்பிடி அமைப்பான ஐ.ஜி.எஃப்.ஏ. 2011-ல் நீளத்துக்கென்றே தனிச் சாதனைப் பட்டியலைத் தொடங்கியது. அதில் இடம்பெற மீனை உயிரோடு விட்டாக வேண்டும். கம்பிலேயே அளவுக்கோடு போட்டு வைத்திருப்பவர்கள், தண்ணீருக்குள் மீனோடு கம்பைச் சேர்த்துப் பிடித்து ஒரு பார்வையில் முடித்துவிடுகிறார்கள்.

ஆற்றில் நிற்பவரும் அதையே செய்கிறார். மூக்கு ஒரு கோட்டில், வால் நுனி இன்னொன்றில்: 48. வலையின் விளிம்பைத் தாழ்த்துகிறார். நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து மீன் சற்று நிற்கிறது. செவுளின் படபடப்பு அடங்கி ஒரே சீராகிறது. வால் ஒருமுறை அசைய, நீர்ச்செடிகளின் நிழலுக்குள் மறைகிறது. கரையேறி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்: 1,106 கிராம். மனசு சொன்ன இரண்டு கிலோவுக்கு இன்னும் பத்தரை சென்டிமீட்டர் நீளம் வேண்டும்.