உங்களுக்குத் தெரியுமா? தவணைக்கு மேல் தவணை

● 2006 ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர்கள் 17 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்களே, அந்த மரண விசாரணை கந்தளாய்க்கும் வந்தது. மூதூர் நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, இடைநடுவில் அநுராதபுரம் போய், பிறகு கந்தளாய். ஒவ்வொரு மாற்றத்திலும் புதிய நீதவான் கோப்பை முதல் தாளிலிருந்து வாசிக்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வேறொரு ஊருக்கு பஸ் ஏற வேண்டும். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

● கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் படுகொலை நடந்தது 1996 பெப்ரவரி 11. அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் ஜூரிகள் குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஆறு பேரையும் விடுவித்தது 2016 ஜூலை 27. இருபது வருடம்! அந்த ஊர்ச் சாட்சிகள் தமிழர்கள். வழக்கு நடந்ததோ இன்னொரு மாகாணத்தில்.

● அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த மனுவை நீதிமன்றம் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். இரண்டும் ஒரே உறுப்புரையில்தான் இருக்கின்றன. ஆனால் முதலாவதை நீதியரசர்கள் கட்டாய விதியாகவே பார்க்கிறார்கள். பிந்தி வந்த மனு பெரும்பாலும் தள்ளுபடியாகும். இரண்டாவது வெறும் வழிகாட்டல் என்று தீர்ப்புகளிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. மனுக்கள் வருடக்கணக்கில் கிடக்கின்றன. குடிமகனுக்கு ஒரு கடிகாரம், நீதிமன்றத்துக்கு இன்னொன்று என்பது நியாயமே இல்லை.

● இந்தத் தாமதத்துக்கு ஆள் பற்றாக்குறைதான் காரணமா? 1978இல் ஆய்வாளர் தோமஸ் சர்ச் குழுவினர் அமெரிக்க நகர நீதிமன்றங்கள் 21ஐ ஆராய்ந்தார்கள். வழக்குச் சுமையோ நீதிபதிகளின் எண்ணிக்கையோ தாமதத்தை முழுதாக விளக்கவில்லை. 'இங்கே இப்படித்தான்' என்று நீதிபதிகளும் சட்டத்தரணிகளும் பழகிப்போன வேகமே பெரிய காரணம் என்று கண்டார்கள்.

● இலங்கையில் 2020இல் வந்த 20ஆவது திருத்தம் உயர் நீதிமன்ற நீதியரசர்களை 11இலிருந்து 17ஆகவும், மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர்களை 12இலிருந்து 20ஆகவும் உயர்த்தியது. நல்லதுதான். ஆனால் இரு தரப்புச் சட்டத்தரணிகளும் தலையாட்டினால் தவணை கொடுத்துவிடலாம், வழக்கை நகர்த்துவது நீதிபதியின் வேலையல்ல என்ற எண்ணத்தை எண்ணிக்கை மாற்றாது.

● அந்த எண்ணத்தில் கைவைத்த சட்டமும் உண்டு. 2017ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் சிவில் வழக்குகளில் விளக்கத்துக்கு முந்திய விசாரணையைக் கொண்டுவந்தது. எது பிணக்கு, எது பிணக்கில்லை என்று நீதிபதியே முன்கூட்டிப் பிரித்தெடுக்க வேண்டும்.

● கடைசியாக, கட்டாயம் ஞாபகம் வைக்க வேண்டியது. உங்கள் உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுங்கள். திருகோணமலையிலேயே அலுவலகம் இருக்கிறது. அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கான ஒரு மாதக் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். விசாரணை நடப்பதற்கான எழுத்துச் சான்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் அதைக் கேட்கும்.