செட்டிநாட்டு நாலு தூண் கட்டில்
பர்மா தேக்கு

தலைமாட்டுச் செதுக்கலைக் கொண்டு வயதைக் கணிக்க வேண்டாம். கஜலட்சுமியையும் பூங்கொடியையும் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி வந்தார்கள். குனிந்து சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இழைப்புளி படாத அந்த இடத்தில் பிறைபோல் வளைந்த கோடுகள் தெரியும். வட்ட ரம்பத்தின் தடம் அது. ஆள் இழுத்து அறுத்திருந்தால் கோடுகள் நேராக, முன்பின்னாக விழுந்திருக்கும். ஆக, ஆலையில் அறுபட்ட மரம்.

திருகாணிகள் கூர்முனை கொண்டவை. 1840களுக்கு முன் பெரும்பாலும் மொட்டை முனைதான். (திருகாணியைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம், அதை மட்டும் நம்பக்கூடாது.) கொசுவலை கட்டும் கடைசல் தூண்கள் ஐரோப்பியப் பாணி.

1852இல் கீழ்பர்மா ஆங்கிலேயர் வசமானது. அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் வீடுகளுக்குத் தேக்கு கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் அந்த வரத்து நின்றது. கட்டிலின் காலம் இந்த இரண்டுக்கும் இடையில். வார்னிஷ் மட்டும் புதிது.