ஒரு டோக்கன், ஒரு வண்டி

நம் சங்கக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இல்லாத வீடு இன்று குறைவு. கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகள் ‘என்கேப்சுலேஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம், அப்ஸ்ட்ராக்‌ஷன்’ என்று நான்கையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறார்கள். எதற்காக இவை என்று கேட்டால்தான் தயக்கம். நான் டிப்ளமோ முடித்து ரயில்வே சிக்னல் பிரிவில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பின் ஸ்விஃப்ட் மொழியைக் கற்று வருகிறேன். எனக்குப் புரிந்த வழியில் சொல்கிறேன்.

‘கிளாஸ்’, ‘ஆப்ஜெக்ட்’ என்னும் கருத்துகள் 1960களில் நார்வே நாட்டில், டால், நைகார்ட் என்னும் இருவர் உருவாக்கிய சிமுலா மொழியில் பிறந்தவை. ஸ்விஃப்ட் மிக இளையது. ஆப்பிள் நிறுவனம் 2014 ஜூனில் அறிமுகம் செய்து, 2015 டிசம்பரில் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டது.

ரயில்வே கேபினில் லீவரை இழுக்கலாம். உள்ளே இருக்கும் இன்டர்லாக்கிங்கில் கை வைக்க முடியாது. பாயின்ட் சரியாக அமையாவிட்டால் சிக்னலும் இறங்காது. இதுதான் என்கேப்சுலேஷன். ஸ்விஃப்ட்டில் ‘பிரைவேட்’ என்று எழுதினால் அந்தப் பூட்டு விழும்.

பொதுவான பெட்டி வரைபடத்திலிருந்து ஸ்லீப்பரும் சேர் காரும் பிறப்பது இன்ஹெரிட்டன்ஸ். தாய் கிளாஸின் செயலை மாற்றுவதானால் ‘ஓவர்ரைடு’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இல்லையேல் கம்பைலர் ஏற்காது.

கப்ளிங்கும் பிரேக் பைப்பும் பொருந்தினால் எந்தத் தொழிற்சாலைப் பெட்டியையும் வண்டியில் கோக்கலாம் அல்லவா? உள்விவரம் பாராமல் பொருத்தத்தை மட்டும் பார்ப்பது அப்ஸ்ட்ராக்‌ஷன். ஒரே கட்டளைக்கு ஒவ்வொரு பெட்டியும் தன் வழியில் இயங்குவது பாலிமார்ஃபிசம். இரண்டுக்கும் ஸ்விஃப்ட் பெரிதும் நம்புவது ‘புரோட்டோகால்’ என்னும் ஒப்பந்தத்தை.

இவற்றோடு ஐந்தாவதாக ஒரு கேள்வியையும் ஸ்விஃப்ட் நம் முன் வைக்கிறது: ‘இது பிரதியா, பொதுவா?’

டிரைவரிடம் தரும் காஷன் ஆர்டர் ஒரு பிரதி. அதில் அவர் கிறுக்கினாலும் ஸ்டேஷனில் உள்ள பிரதி மாறாது. ஸ்விஃப்ட்டின் ‘ஸ்ட்ரக்ட்’ அப்படிப்பட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையிலுள்ள ரிஜிஸ்டரோ பொது. யார் எழுதினாலும் எல்லோருக்கும் மாறும். அது ‘கிளாஸ்’. பொதுவான ஒன்றில் ஒரே நேரத்தில் இருவர் எழுதினால் என்ன ஆகும்? பொங்கலுக்கு ஊர் போகக் கடைசி பெர்த் ஒன்றுதான் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு குடும்பங்களுக்கும் அதே எண் கிடைத்துவிடும்!

ஒற்றைப் பாதையில் இதற்கு ரயில்வே கண்ட வழி டோக்கன். இரு ஸ்டேஷன்களுக்கு இடையே ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது. டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. 2021இல் வந்த ஸ்விஃப்ட் 5.5 பதிப்பின் ‘ஆக்டர்’ இதே வேலையைச் செய்கிறது. ஆக்டருக்குள் உள்ள தகவலை ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே தொடலாம். மற்றவை வெளியே காத்திருக்க வேண்டும். பெர்த் காலியா என்று பார்ப்பதையும் அதை ஒதுக்குவதையும் இடைவெளி விடாமல் அதற்குள் எழுதிவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் அந்த நான்கு பெயர்களையும் ஒப்பிக்கும்போது, “இதில் எது பிரதி, எது பொது? பொதுவானதற்கு டோக்கன் யார் கையில்?” என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை எந்த மொழியில் எழுதினாலும் நம்பிக்கையோடு வேலை பார்க்கும்.