தருமபுரி தக்காளியை பூமிச் சூட்டில் காய வைக்க முடியுமா?

பாலக்கோடு பக்கம் தக்காளி விலை சரிந்தால் ஒரே காட்சிதான். பறிக்கிற கூலிகூட கட்டாதுன்னு செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். சிலர் ரோட்டோரம் கொட்டுகிறார்கள். ‘காய வெச்சு வித்தா என்ன?’ என்று கேட்பது சுலபம். காய வைக்கத்தான் செலவே.

தக்காளியில் சுமார் 94 சதவீதம் தண்ணீர். 100 கிலோ பழத்தை நன்றாக உலர்த்தினால் மிஞ்சுவது 6, 7 கிலோ. மற்றதை ஆவியாக்க, துளி வெப்பமும் வீணாகாத கருவியில்கூட சுமார் 60 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். நிஜத்தில் இன்னும் அதிகம். அதனால்தான் சில நாடுகள் தரைக்கு அடியில் இருக்கும் சூட்டைப் பிடித்திருக்கின்றன.

கிரீஸ் செய்தது என்ன?

வடகிழக்கு கிரீஸில் நியோ எராஸ்மியோ என்ற இடத்தில், 2001-ல் இப்படி ஒரு தக்காளி உலர்த்தும் கூடம் தொடங்கியது. பூமியிலிருந்து வரும் 60 டிகிரி தண்ணீர் குழாய்ச் சுருளுக்குள் ஓடும். அதன் மேல் மின்விசிறி காற்றை ஊதும். 55 டிகிரிக்குச் சூடான அந்தக் காற்று, தட்டுகளில் அடுக்கிய தக்காளியைக் காய வைக்கும். ஐஸ்லாந்தில் மீன் தலைகளை இப்படித்தான் காய வைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள்.

சுடுதண்ணீர் பழத்தைத் தொடுவதே இல்லை என்பது முக்கியம். ஆழத்து வெந்நீரில் உப்பும் ஃபுளோரைடும் நிறைய இருக்கலாம். (ஃபுளோரைடு பற்றி தருமபுரிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான்.)

அப்போ இங்கே?

இங்கே அது கஷ்டம். இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உண்டு. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் பூமி வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க, 2021-ல் ஓ.என்.ஜி.சி ஒப்பந்தம் போட்டது. ஆனால் அது இமயமலை. நிலத்தட்டுகள் மோதும் இடம். தருமபுரி உட்கார்ந்திருப்பது மிகப் பழமையான, ஆறிப்போன பாறை மேல். இப்படிப்பட்ட பாறையில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 20 டிகிரி ஏறுவதே பெரிசு. 1,000 அடி போரில் தண்ணீர் வெதுவெதுப்பா வரும், அவ்வளவுதான். 60 டிகிரியைத் தொட 5,000 அடிக்கும் கீழே போகணும். அங்கே பாறைதான் இருக்கும். சூட்டை மேலே கொண்டுவரத் தண்ணீர் கிடைப்பது சந்தேகம்.

ஆனால் 55 டிகிரிக்கு பூமியைத் தோண்டவே தேவையில்லை. பாலிகார்பனேட் ஷீட் போட்ட சோலார் டிரையர் கூடாரத்துக்குள் நல்ல வெயில் நாளில் அந்தச் சூடு வந்துவிடும். இதற்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் கூடுதலாக. புளியையும் மஞ்சளையும் களத்திலும் ரோட்டிலும் காய வைப்பவர்களுக்கு தூசி, திடீர் மழை என்ற இரண்டு தலைவலிகளும் குறையும்.

சிக்கல் ராத்திரியும் மேகமூட்டமும்தான். பூமிச் சூடு 24 மணி நேரமும் வரும், வெயில் வராது. பாதி காய்ந்த தக்காளி ஒரே இரவில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் தக்காளிக்கென்று கூடாரம் போடுபவர்கள், விறகிலோ தேங்காய் மட்டையிலோ எரியும் சின்ன சூடேற்றி ஒன்றையும் சேர்த்தே திட்டமிடுவது நல்லது.

அப்புறம், வாங்குபவர் யார்? நம் சமையலில் காய்ந்த தக்காளிக்கு இடம் குறைவு. சூப் பொடி, மசாலா, பீட்சா கம்பெனிகள்தான் வாங்க வேண்டும். பழம் கிலோ 5 ரூபாய்க்குக் கிடைத்தாலும், காய்ந்த ஒரு கிலோவுக்குப் பழச் செலவு மட்டுமே 75 ரூபாய் ஆகும். கழுவ, நறுக்க, அடுக்க ஆள் கூலி தனி. கூடாரத்துக்கு விண்ணப்பம் போடும் முன்பே இந்த விலைக்கு எடுப்பவரைப் பிடித்து வைத்திருக்கணும்.