வெயிலை யன்னலுக்கு வெளியே மறிப்போம்

மலையகம் என்றாலே குளிர் என்பது பொதுவான எண்ணம். ஆயினும், ஏப்ரல் முற்பகுதியில் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் நண்பகற் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேராக நிற்கையில், தகரக் கூரையின் கீழ் வாழும் தோட்ட மக்கள் வெப்பத்தால் வாடுவதை மறுப்பதற்கில்லை.

கூரைக்கு அடுத்து வெப்பம் நுழையும் வழி யன்னலாகும். கண்ணாடியினூடாகப் புகுந்த வெயிலில் சூடேறும் திரைச்சீலை, அவ்வெப்பத்தை அறைக்குள்ளேயே வெளிவிடுகின்றது. வெயிலை வெளியே மறித்தால் வெப்பமும் பெருமளவு வெளியிலேயே தங்கிவிடும். வடக்கு, தெற்கு யன்னல்களுக்கு நீண்ட தாழ்வாரம் போதுமானது. கிழக்கிலும் மேற்கிலும் வெயில் சாய்வாக விழுவதால் மூங்கில் தட்டியோ பலகைக் கதவோ அவசியமாகும். உறைபனி விழும் ஜனவரியில் இளவெயில் தேவைப்படுமாதலால், அவை திறக்கக்கூடியனவாக அமைதல் வேண்டும்.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையகத்திற்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இத்தகைய வீடுகளின் வரைபடத்திலேயே யன்னல் நிழலுக்கும் இடமளிக்க வேண்டுமென வலியுறுத்துகின்றோம். வீடு கட்டி முடிந்தபின் அச்செலவைத் தோட்டத் தொழிலாளியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது.