நகரும் கொழும்பு – 7: எண்ணுகிறவருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

ஹெவ்லொக் வீதியில், திம்பிரிகஸ்யாயச் சந்திக்குக் கிட்ட, சில நாட்களில் விடியற்காலையிலேயே கையில் தாளோடு இளைஞர்கள் நிற்பார்கள். மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, கார், வான், பஸ், லொறி என்று கட்டம் பிரித்த தாள். வண்டி ஒன்று போனால் ஒரு கோடு. ஐந்தாவது வண்டிக்கு, நான்கு கோட்டையும் குறுக்கே வெட்டி ஒரு சாய்கோடு. கால் மணிக்கொரு தடவை அடுத்த வரிசைக்குப் போவார்கள். வெயில் ஏறிய பிறகும் நிழலுக்கு ஒதுங்க முடியாது. ஒதுங்கினால் ஒரு 138ஆம் இலக்க பஸ் தப்பிவிடும்.

சமிக்ஞை விளக்கு எத்தனை விநாடி எரியவேண்டும், எந்த வழித்தடத்துக்கு எத்தனை பஸ் வேண்டும், வீதியை அகலமாக்குவதா வேண்டாமா என்பதெல்லாம் இந்தக் கோடுகளிலிருந்துதான் தொடங்குகின்றன. சென்ற வாரம் வழித்தட அனுமதிப்பத்திரங்களைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம், அந்தக் கோடு போடுகிற கைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் அலுவலகம் தூரத்தில் இல்லை. இதே கொழும்பு 5இல், பார்க் வீதியில் இருக்கிறது. பயணிகள் போக்குவரத்துக் கொள்கையில் அரசுக்கு ஆலோசனை சொல்வது அதன் கடமை. பணம் பிரதானமாக இரண்டு வழியில் வருகிறது. ஒன்று திறைசேரி மானியம். மற்றது மாகாணங்களுக்கு இடையே ஓடும் பஸ்களின் அனுமதிப்பத்திரக் கட்டணம். பாடசாலைப் பிள்ளைகளுக்கான ‘சிசு சரிய’ பஸ்ஸுக்கும், கிராமங்களுக்கான ‘கெமி சரிய’ பஸ்ஸுக்கும் இதன் வழியாகத்தான் மானியம் போகிறது. அந்தச் செலவில் ஒரு ரூபாயைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன். ஆனால் அன்றாடம் ஓடவேண்டிய பஸ்ஸும் ஆய்வும் ஒரே பையிலிருந்து காசு கேட்டால், பின்னுக்குப் போவது ஆய்வுதான்.

ஆய்வு என்றதும் அலுமாரியில் தூங்கும் அறிக்கை என்று எண்ணிவிடாதீர்கள். பஸ் கட்டணச் சூத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டீசல், டயர், சாரதி நடத்துநர் சம்பளம், உதிரிப்பாகம் என்று 12 செலவுகளை நிறுத்துப் பார்த்து, கட்டணம் எவ்வளவு மாறவேண்டும் என்று சொல்லும் கணக்கு அது. 2002இல் வந்த கட்டணக் கொள்கையின் விளைவு. 2022 ஜூலையில் ஆகக் குறைந்த கட்டணம் 40 ரூபாய்க்கு ஏறியதும், அடுத்த மாதமே 34க்கு இறங்கியதும் நினைவிருக்கும். அந்தப் பன்னிரண்டில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்பது பழைய கணக்கெடுப்பில் நின்றுபோனால், பிழையான காசு தினமும் பயணியின் சட்டைப்பையிலிருந்தோ பஸ் முதலாளியின் பெட்டியிலிருந்தோ போகும்.

பெரிய ஆய்வு எமக்கு வந்தது வெளியிலிருந்து. 2012இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தின் உதவியோடு தொடங்கி 2014இல் முடிந்த ‘கொம்ட்ரான்ஸ்’ திட்டத்துக்காக, 2013இல் மேல் மாகாணத்தில் சுமார் 44,000 வீடுகளின் கதவைத் தட்டினார்கள். வீட்டில் யார் யார், எத்தனை மணிக்கு, எதில் ஏறி, எதற்காக, எங்கே போனார்கள் என்று கேட்டு எழுதினார்கள். நகருக்குள் நுழையும் ஏழு பிரதான தடங்கள் அதில் ஆராயப்பட்டன. வெள்ளவத்தைக்காரர் அறிந்த காலி வீதியும், ஹெவ்லொக் டவுன் பக்கமாக உள்ளே வரும் ஹைலெவல், ஹொரணைத் தடங்களும் அவற்றில் அடங்கும். அருமையான வேலை அது. இன்றுவரை எமது திட்டக்காரர்கள் அதை எடுத்துப் பேசுகிறார்கள்.

எனது கவலையும் அங்கேதான். கருத்திட்டம் முடிந்தால் அதற்கென்று சேர்த்த குழு கலைந்துவிடுகிறது. ஆனால் அதன் பிறகும் நகரம் மாறிக்கொண்டே இருக்கிறது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு வரவிருந்த இலகு ரயிலுக்கு 2019இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் ஆனது. 2020 செப்டெம்பரில் அதை இரத்துச் செய்ய அரசு முடிவெடுத்தது. இடையில் கொரோனா வந்தது. வாகன இறக்குமதி நின்றது. 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் பங்கீடு வந்தது. 2013இல் கதவைத் திறந்து பதில் சொன்ன குடும்பம் இன்று அதே பஸ்ஸில்தான் போகிறதா?

அமெரிக்காவில் இதற்குச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுக்கும் பிரதான நெடுஞ்சாலை நிதியில் 2 சதவீதம் திட்டமிடலுக்கும் ஆய்வுக்கும் ஒதுக்கப்பட வேண்டும்; அதில் குறைந்தது கால்வாசி ஆய்வுக்கே. பொதுவாக மத்திய பங்கு 80 என்றால், மாநிலம் தன் கையிலிருந்து 20 போடும். கணக்குப் பார்த்தால் 1,000 மில்லியனுக்குக் குறைந்தது 5 மில்லியன் ஆய்வுக்குப் போகிறது. சிறிய தொகைதான். ஆனால் அது ஆண்டுதோறும் வருகிறது, அமைச்சர் மாறினாலும் வருகிறது. தனியே செய்யமுடியாத ஆய்வுக்குப் பல மாநிலங்கள் சேர்ந்து பணம் போடும் பொது நிதியும் உண்டு. தமிழ்நாட்டில் வேறு வழி: கிண்டியிலுள்ள நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் நெடுஞ்சாலைத் துறைக்குள்ளேயே இயங்குகிறது.

எமக்கு அமெரிக்கப் பணம் இல்லை. தொகையைப் பற்றியல்ல, விகிதத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். அனுமதிப்பத்திர வருமானத்தில் ஒரு பங்கு, வீதிக்கு வாங்கும் ஒவ்வொரு வெளிநாட்டுக் கடனிலும் ஒரு பங்கு, வேறெதற்கும் தொடக்கூடாது என்று சட்டத்தில் எழுதப்படட்டும். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. கணக்கெடுக்க ஆள் தேடி அலையத் தேவையில்லை. ஆண்டுதோறும் அதே மாதம், அதே சந்தி, அதே நேரம் எண்ணினாலே போதும், ஹெவ்லொக் வீதியில் பஸ் குறைந்து முச்சக்கரவண்டி கூடுகிறதா என்று ஊகிக்காமல் சொல்லலாம். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் போக்குவரத்து அமைச்சின் பக்கத்தைத் திறக்கும்போது, ஆய்வுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறதா என்று உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: பஸ் தரிப்பிடத்தை எங்கே வைப்பது என்று யார் தீர்மானிக்கிறார்?)